டேப்பா, ஸ்பேஸா: முதல் வரிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை

தண்டையார்பேட்டையில் ஒரு மாடியறையில் வாரம் மூன்று நாள் சாயந்திரம் பைத்தான் என்ற புரோகிராம் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறையாகக் கம்ப்யூட்டர் பக்கம் வரும் பிள்ளைகள். போன மாதம் இரண்டு பையன்கள் ஒரே லேப்டாப்பை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கொருக்குப்பேட்டை, இன்னொருவன் திருவொற்றியூர். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் சொந்தக்காரர் ஒருவருக்காகக் கூடைக் கணக்கு போடும் சின்ன புரோகிராம் எழுதியிருந்தார்கள். பாதி இவன் வீட்டில், பாதி அவன் வீட்டில். இரண்டையும் ஒட்டி ஓட்டியதும் பைத்தான் நின்றுவிட்டது.

"ண்ணா, வரியெல்லாம் நேராத்தான இருக்குது? அப்புறம் இன்னாத்துக்கு எரர் காட்டுது?"

"நேரா இருக்குற மாதிரி தெரியுதுடா. உள்ள வேற வேற."

திருவொற்றியூர்ப் பையன் பைத்தானோடு சேர்ந்து வரும் ஐடில் என்ற எடிட்டரில், அதாவது புரோகிராம் எழுதும் மென்பொருளில், எழுதியிருந்தான். அதில் டேப் பட்டனை அழுத்தினால் 4 ஸ்பேஸ் விழும். கொருக்குப்பேட்டைப் பையன் விண்டோஸ் நோட்பேடில் எழுதியிருந்தான். அதில் அதே பட்டனை அழுத்தினால் உண்மையான டேப் எழுத்து ஒன்று விழும். ஒட்டியது மூன்றாவது ஒரு எடிட்டரில். அது டேப்பையும் 4 ஸ்பேஸ் அகலத்துக்கே காட்டியது. அதனால் கண்ணுக்கு எல்லாம் ஒரே கோட்டில் நின்றது. ஸ்பேஸைப் புள்ளியாகவும் டேப்பை அம்பாகவும் வைத்துப் பார்த்தால் விஷயம் இப்படி இருந்தது. (பைத்தான் சொற்களை இங்கே தமிழில் தருகிறேன்.)

ஒவ்வொரு கூடைக்கும்:
····கூடை விலையை மொத்தத்தில் கூட்டு
→   கூடை எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு
வண்டி வாடகை 200 ரூபாயைக் கழி

வரியின் தொடக்கத்தில் விடும் இந்த இடத்துக்கு உள்தள்ளல் என்று பெயர். வகுப்பில் எல்லோரும் இன்டென்ட் என்றே சொல்கிறோம். சி, ஜாவா போன்ற மொழிகளில் இது படிக்கிறவரின் வசதிக்கு. அங்கே அடைப்புக்குறிதான் எது எதற்குள் அடங்கும் என்று தீர்மானிக்கிறது. பைத்தானில் இன்டென்டே அந்த வேலையைச் செய்கிறது. மேலே உள்ள கணக்கில் மூன்று கூடை, விலை 1500, 1200, 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3600. வாடகை போக 3400. கடைசி வரி ஓர் அடுக்கு உள்ளே நகர்ந்துவிட்டால் ஒவ்வொரு கூடைக்கும் 200 கழியும், கையில் 3000 வரும். எந்த எரரும் வராது. ஏலக்காரர் மட்டும் 400 ரூபாய் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பார்.

அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம், முதல் வரி அடிப்பதற்கு முன்னால் இதை முடித்துவிட்டு வா என்கிறேன். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை ஒரு முறை முடிவு செய்து, அதைக் கண்ணால் பார்க்கக் கற்று, ஃபைலில் எழுதி வைத்துவிட வேண்டும். அரை மணி நேர வேலை.

டேப் என்பது எவ்வளவு அகலம்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஸ்பேஸ் ஓர் எழுத்து, ஓர் எழுத்தின் அகலம். கம்ப்யூட்டருக்கு அது 32 என்ற எண். டேப்பும் ஓர் எழுத்துதான், எண் 9. ஆனால் அதற்குச் சொந்த அகலம் கிடையாது. "அடுத்த நிறுத்தத்துக்குப் போ" என்ற கட்டளை அது.

வண்ணாரப்பேட்டை, மிண்ட் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்த அத்தையோ பெரியம்மாவோ உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார்கள். ஸ்டேட்மென்ட் அடிக்கும்போது ஒவ்வொரு பத்திக்கும் எத்தனை எழுத்து வரும் என்று எண்ணி, மெஷினில் நிறுத்தங்களை முதலிலேயே வைத்துவிடுவார்கள். பிறகு டேப் கட்டையை அழுத்தினால் கேரேஜ் ஓடிப்போய் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும். அட்டவணை அடிக்க வந்த கட்டை என்பதால்தான் அதற்கு டேபுலேட்டர் என்று பெயர், சுருங்கி டேப் ஆனது.

இப்போது எடிட்டரில் 4 எழுத்துக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் டேப் அடித்தால் கர்சர் 4 இடம் நகரும். ஒரு ஸ்பேஸ் விட்டு டேப் அடித்தால் 3 இடம்தான் நகரும். மூன்று ஸ்பேஸ் விட்டு அடித்தால் ஒரே இடம். மூன்றும் ஒரே இடத்தில் போய் நிற்கும். வெறும் டேப், ஒரு ஸ்பேஸும் டேப்பும், மூன்று ஸ்பேஸும் டேப்பும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும், ஃபைலுக்குள் மூன்றும் வேறு. இதை ஒரு முறை நீங்களே அடித்துப் பாருங்கள். நான் பத்து நிமிடம் பேசுவதைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே போக்கிவிடுகிறேன். ஸ்பேஸ் பயன்படுத்துகிறவர்கள் ஸ்பேஸ் பாரை நான்கு முறை தட்டுவதில்லை. அவர்களும் டேப் பட்டனைத்தான் அழுத்துகிறார்கள், எடிட்டர் 4 ஸ்பேஸாக மாற்றிப் போடுகிறது. எந்தப் பட்டன் என்பது வேறு, ஃபைலில் எது விழுகிறது என்பது வேறு.

முதல் வேலை: கண்ணில் படும்படி செய்யுங்கள்

விஎஸ் கோட் எடிட்டர் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் "ரெண்டர் வைட்ஸ்பேஸ்" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அதை இயக்கினால் ஸ்பேஸ் சிறு புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்ஸில் வியூ மெனுவுக்குள் ஷோ சிம்பல் என்ற பிரிவில் இதே வசதி இருக்கிறது. விம் பயன்படுத்துகிறவர்கள் "செட் லிஸ்ட்" கொடுக்கலாம். லினக்ஸில் எடிட்டரே திறக்காமல் பார்க்க, கேட் கட்டளையோடு மைனஸ் பெரிய ஏ சேர்த்து ஃபைல் பெயரைக் கொடுங்கள். டேப் இருக்கும் இடமெல்லாம் மேல்கூரைக் குறியும் பெரிய ஐ எழுத்தும் வரும்.

சிலருக்கு இந்தப் புள்ளிகள் கண்ணை உறுத்தும். முதல் மூன்று மாதமாவது அணைக்காமல் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் பழகிவிடும்.

எரர் வந்தால் அதன் பெயரைப் படியுங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே அடுக்கில் முதல் வரி 4 ஸ்பேஸும் அடுத்த வரி டேப்புமாக இருந்தால் பைத்தான் 3 "டேப்எரர்" என்று சொல்லும். எங்கள் பையன்களுக்கு வந்தது அதுதான். வரிசை மாறி, முதலில் டேப்பும் பிறகு 4 ஸ்பேஸும் வந்தால் "இன்டென்டேஷன்எரர்" வரும், வெளி அடுக்கு எதோடும் இந்த வரி பொருந்தவில்லை என்று கூடச் சொல்லும். கோளாறு ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. இரண்டாவது எரர் வந்ததும் பலர் ஸ்பேஸை எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், அதில் ஒரு வரி டேப்பாக இருக்கும்.

எரர் வரவில்லை என்பதாலேயே ஃபைல் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஃபங்ஷன் (பெயர் வைத்துச் சேர்த்த வரிகளின் தொகுதி) முழுக்க டேப், அடுத்த ஃபங்ஷன் முழுக்க ஸ்பேஸ் என்று இருந்தால் பைத்தான் 3 ஒன்றும் சொல்லாமல் ஓட்டிவிடும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் ஒரு வரியை இங்கிருந்து அங்கே ஒட்டும்போதுதான் வெடிக்கும். பைத்தான் 2 காலத்தில் நிலைமை இன்னும் மோசம். டேப்பை 8 இடத்துக்கு ஒரு நிறுத்தம் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். எடிட்டர் 4 அகலத்தில் காட்டினால், கண்ணுக்கு ஓர் அடுக்கில் தெரியும் வரி உண்மையில் இரண்டாம் அடுக்கில் ஓடும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 இப்படிக் குழப்பம் தரும் கலப்பைத் தடை செய்தது.

இரண்டாவது வேலை: யாருடைய வழக்கம் என்று கேளுங்கள்

பல நேரம் தேர்ந்தெடுக்கும் வேலையே உங்களுக்கு இருக்காது. நீங்கள் சேரும் புராஜெக்ட்டில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தால் அதுதான் உங்கள் வழக்கம். அதில் விவாதமே வேண்டாம். புராஜெக்ட் புதிது என்றால் மொழியின் வழக்கத்தைப் பாருங்கள்.

பைத்தானுக்கு 2001-இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற நடை வழிகாட்டி இருக்கிறது. ஓர் அடுக்குக்கு 4 ஸ்பேஸ் என்கிறது. ஏற்கெனவே டேப்பில் எழுதப்பட்ட கோடோடு, அதாவது புரோகிராம் வரிகளோடு, ஒத்துப்போவதற்கு மட்டும் டேப் என்கிறது. கோ மொழியில் கேள்வியே இல்லை. அதோடு வரும் கோஃபம்ட் கருவி டேப்பாக மாற்றிவிடும், எல்லோரும் அதை ஓட்டிய பிறகே கோடைக் கொடுக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் டேப், அதுவும் 8 அகலம். அகலம் அதிகமாயிருக்கிறது, கோட் வலப்பக்கம் ஓடிவிடுகிறது என்று சொல்பவர்களுக்கு அந்த வழிகாட்டியே பதில் சொல்கிறது: மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போகிறாய் என்றால் புரோகிராமைத்தான் திருத்த வேண்டும். எனக்குப் பிடித்த பதில் அது. கூகுளின் சி ப்ளஸ் ப்ளஸ் வழிகாட்டி 2 ஸ்பேஸ் என்கிறது. பிஎச்பியில் பிஎஸ்ஆர் 12 என்ற விதி 4 ஸ்பேஸ் கேட்கிறது, ஆனால் அதே பிஎச்பியில் எழுதப்பட்ட வேர்ட்பிரஸ் டேப் கேட்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் பெரும்பாலோர் பயன்படுத்தும் ப்ரெட்டியர் என்ற கருவி, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 2 ஸ்பேஸ் போடும்.

இரண்டு இடத்தில் வழக்கம் இல்லை, சட்டமே இருக்கிறது. ஒன்று மேக்ஃபைல், அதாவது புரோகிராமைக் கட்டித் தரும் மேக் கருவிக்கு எழுதும் கட்டளை ஃபைல். கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப்பில் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் போட்டால் "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று சொல்லி நின்றுவிடும். 1976-இல் பெல் லேப்ஸில் மேக் கருவியை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், டேப்பை வைத்தது சரியில்லை என்று சீக்கிரமே உணர்ந்தார். ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் ஃபைல்கள் கெட்டுப்போகக் கூடாது என்று விட்டுவிட்டார். பத்துப் பேருக்காக விட்டதை இன்றுவரை உலகம் முழுக்கச் சுமக்கிறோம். முதல் வரிக்கு முன்னால் முடிவு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இன்னொன்று யாமல், அதாவது கருவிகளுக்கான அமைப்புகளை எழுதி வைக்கும் ஒரு ஃபைல் வகை. டாக்கர் கம்போஸ், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற கருவிகள் எல்லாவற்றுக்கும் அந்த ஃபைல்தான். அதில் இன்டென்ட்டுக்கு டேப் கூடவே கூடாது.

இடையில் ஒரு விஷயம். ஸ்பேஸ் போடுகிறவர்களுக்குச் சம்பளம் அதிகமாமே என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். 2017-இல் புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கணக்கெடுப்பில் அப்படி ஒரு வித்தியாசம் தெரிந்தது உண்மை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே அதற்குப் பொருள். ஸ்பேஸுக்கு மாறினால் சம்பளம் ஏறும் என்று அது சொல்லவில்லை. இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகள் இதை நம்பி நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது வேலை: எடிட்டருக்குச் சொல்லுங்கள்

விஎஸ் கோடில் வலப்பக்கம் கீழே பாருங்கள். "ஸ்பேசஸ்: 4" அல்லது "டேப் சைஸ்: 4" என்று இருக்கும். அதைத் தொட்டால் ஸ்பேஸா டேப்பா, அகலம் எவ்வளவு என்று கேட்கும். ஒன்று கவனியுங்கள். அந்த எடிட்டர் ஃபைலைத் திறக்கும்போது உள்ளே இருப்பதைப் பார்த்துத் தானாகவே ஊகித்துக்கொள்ளும். நீங்கள் செட்டிங்ஸில் 4 ஸ்பேஸ் என்று வைத்திருந்தாலும், டேப் நிறைந்த ஃபைலைத் திறந்தால் அது டேப் போடத் தொடங்கும். இது நல்ல பழக்கம்தான், புராஜெக்ட்டின் வழக்கத்தை மதிக்கிறது. ஆனால் காரணம் தெரியாதவர்கள் "நேத்து ஸ்பேஸ் வந்துச்சு, இன்னைக்கி டேப் வருது" என்று குழம்பிப் போகிறார்கள்.

விம் வைத்திருப்பவர்கள் எக்ஸ்பாண்ட்டேப், டேப்ஸ்டாப், ஷிஃப்ட்விட்த் மூன்றையும் சேர்த்தே வையுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் டேப் பட்டன் ஒரு மாதிரியும் தானாக வரும் இன்டென்ட் வேறு மாதிரியும் போகும். பிரவுசரிலேயே பைத்தான் எழுத உதவும் கூகுள் கோலாபில் எழுதினால் அதன் செட்டிங்ஸில் எடிட்டர் பகுதிக்குப் போய் இன்டென்ட் அகலத்தைச் சரிபாருங்கள். கோலாபில் 2, வீட்டு லேப்டாப்பில் 4 என்று இருந்தால் ஒட்டும்போது மறுபடி அதே தொல்லை, இந்த முறை இரண்டும் ஸ்பேஸாகவே இருந்தும்.

எங்கள் பக்கம் லேப்டாப் இல்லாமல் ஃபோனிலேயே கோட் எழுதிப் பழகுகிறவர்கள் நிறைய. ஃபோன் கீபோர்டில் டேப் பட்டன் இருக்காது. கோட் எழுதும் ஆப்களில் கீபோர்டுக்கு மேலே ஒரு வரிசையில் தனியாக வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால் டேப் விழுகிறதா, ஸ்பேஸ் விழுகிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு முறை அழுத்திவிட்டு, இடப்பக்க அம்புக் குறியால் கர்சரைப் பின்னுக்கு நகர்த்துங்கள். ஒரே தாவலில் தொடக்கத்துக்குப் போனால் டேப். நான்கு முறை அழுத்த வேண்டியிருந்தால் ஸ்பேஸ்.

நான்காவது: வாயால் சொன்னது நிற்காது, ஃபைலில் எழுதுங்கள்

"நாம எல்லாரும் ஸ்பேஸ்தான்" என்று நான்கு பேர் பேசி முடிவு செய்வது ஒரு வாரம் தாங்கும். ஐந்தாவது ஆள் வந்ததும் போய்விடும். இதற்காகவே எடிட்டர்கான்ஃபிக் என்ற ஏற்பாடு இருக்கிறது. புராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கி எடிட்டர்கான்ஃபிக் என்ற பெயரில் ஒரு சாதாரண ஃபைல் வையுங்கள். உள்ளே ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

ரூட் = ட்ரூ
[*.பை]
இன்டென்ட்_ஸ்டைல் = ஸ்பேஸ்
இன்டென்ட்_சைஸ் = 4
[மேக்ஃபைல்]
இன்டென்ட்_ஸ்டைல் = டேப்

மேக்ஃபைல் என்ற பெயரில் மட்டும் முதல் எழுத்து, ஃபைலுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயரைப் போலவே பெரியதாக இருக்க வேண்டும். பைசார்ம் போன்ற எடிட்டர்கள் இதைத் தானாகவே படிக்கும். விஎஸ் கோடுக்கு எடிட்டர்கான்ஃபிக் என்ற எக்ஸ்டென்ஷனை ஒரு முறை நிறுவ வேண்டும். இதை மறந்துவிட்டு, ஃபைல் வைத்தும் வேலை செய்யவில்லையே என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம்.

இதோடு ஒரு ஃபார்மேட்டரும், அதாவது கோடின் தோற்றத்தைத் தானாகச் சீர்படுத்தும் கருவியும், சேர்ந்தால் இன்னும் நல்லது. பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ப்ரெட்டியர். சேவ் செய்யும்போதே ஓடும்படி வைத்துவிடுங்கள். ஆனால் முதல் ஒரு மாதம் கையால் இன்டென்ட் வைத்துப் பழகிய பிறகு. எந்த வரி எதற்குள் அடங்கும் என்று நினைத்து நினைத்து அடித்தால்தான் பைத்தான் மனதில் படியும்.

பழைய ஃபைல் ஏற்கெனவே கலந்து கிடந்தால்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். மாற்றுவதற்கு முன், டேப் போட்டவர் ஒரு டேப்பை எத்தனை ஸ்பேஸுக்குச் சமமாக நினைத்தார் என்று கண்டுபிடியுங்கள். எங்கள் பையன்கள் விஷயத்தில் ஒரு டேப் ஓர் அடுக்கு, மற்றவனின் ஓர் அடுக்கு 4 ஸ்பேஸ். ஆகவே டேப் சைஸ் 4 என்று வைத்துவிட்டுத்தான் விஎஸ் கோடில் "கன்வெர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ்" கொடுத்தோம். பைத்தான் 2 காலத்து ஃபைல் என்றால் அந்த எண் 8 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணைத் தப்பாக வைத்து மாற்றினால் அடுக்கு நகர்ந்துவிடும், பிறகு எது சரி என்று சொல்ல அந்த டேப்பும் இருக்காது.

மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள், விடை தெரிந்த கணக்கோடு. நாங்கள் அந்த மூன்று கூடையைப் போட்டு 3400 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய ஃபைலை அழித்தோம்.

விஎஸ் கோடின் அந்தக் கட்டளை வரியின் தொடக்கத்தில் இருப்பதை மட்டும் மாற்றும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்ஸின் "டேப் டு ஸ்பேஸ்" வரிக்கு நடுவில் இருக்கும் டேப்பையும் சேர்த்தே மாற்றிவிடும். மேற்கோளுக்குள் வேண்டுமென்றே வைத்த டேப் இருந்தால் அது போய்விடும். மூன்று மேற்கோள்குறிக்குள் பல வரியாக எழுதிய உரை இருந்தாலும் ஒரு பார்வை பாருங்கள். டேப்பால் பிரித்த தகவல் ஃபைல்கள் பக்கமே போக வேண்டாம். அங்கே டேப்தான் இரண்டு பத்திக்கு நடுவில் நிற்கும் சுவர்.

நான் முதன்முதலில் உத்தியோகத்தில் சேர்ந்தபோது செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். காலையில் திருவொற்றியூர் பக்கமிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி ஓஎம்ஆர் போய்ச் சேருவேன். சேர்ந்து இரண்டாவது வாரம், மூன்று வரி திருத்தச் சொன்னார்கள். திருத்தினேன். கூடவே டேப்பாக இருந்த முழு ஃபைலையும் ஸ்பேஸாக மாற்றி ஒரே கமிட்டாக, அதாவது ஒரே மாற்றப் பதிவாக, போட்டேன், நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில். ஆயிரத்துச் சொச்சம் வரி மாறியதாக, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி காட்டியது. என் மூன்று வரி அதற்குள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் அதே ஃபைலில் நான்கு நாளாகச் செய்த வேலை என்னோடு மோதிக்கொண்டது. அவர் மறுபடி உட்கார்ந்து கையால் சேர்த்தார். அவர் கோபப்படவில்லை, அதனாலேயே எனக்கு இன்றும் மறக்கவில்லை.

ஆகவே இன்டென்ட் மாற்றம் எப்போதும் தனிக் கமிட், அதில் வேறெதுவும் சேரக் கூடாது. அந்த ஃபைலில் வேலை செய்யும் எல்லோரிடமும் நாள் குறித்துக்கொண்டு செய்யுங்கள். அப்படி ஒரு கமிட்டைப் பரிசோதிக்கும்போது மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையோடு மைனஸ் டபிள்யூ கொடுத்தால் ஸ்பேஸ், டேப் போன்ற வெற்றிட மாற்றங்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் காட்டும். சுத்தமான இன்டென்ட் மாற்றம் என்றால் பைத்தானில்கூடத் திரையில் ஒன்றுமே வரக் கூடாது. ஆனால் பைத்தானில் அடுக்கு மாறியதும் வெற்றிட மாற்றம்தான், அதையும் அது காட்டாது. அதனால் டிஃப் காலியாக இருக்கிறதென்று விட்டுவிடாமல் ஓட்டியும் பார்க்க வேண்டும். இந்த வரியை யார் எழுதியது என்று பின்னால் தேடும்போது எல்லா வரிக்கும் உங்கள் பெயர் வராமலிருக்க, 2019-இல் வந்த கிட் 2.23 முதல் அந்தக் கமிட்டை ஒதுக்கிவைக்கும் வசதி இருக்கிறது.

தமிழ் எழுதும் நமக்கு மட்டும் வரும் தொல்லை

இன்டென்ட் வேறு, நேர்ப்படுத்துவது வேறு. வரியின் நடுவில் சமக்குறிகளையோ கமென்ட்டுகளையோ ஒரே கோட்டில் நிறுத்த ஸ்பேஸ் போட்டுத் தள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. டேப்பால் செய்தால் அடுத்தவர் மெஷினில் கலைந்துவிடும், அதனால் நேர்ப்படுத்துவதற்கு ஸ்பேஸ்தான் என்பது பொது விதி. கோஃபம்ட்கூட இன்டென்ட்டுக்கு டேப், நேர்ப்படுத்த ஸ்பேஸ் என்றே செய்கிறது.

ஆனால் தமிழ் இருந்தால் ஸ்பேஸும் கைகொடுக்காது. "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்னும், ஏனென்றால் மி என்பதை ம, இகரக் கொக்கி என்று இரண்டாகவும், ழ் என்பதை ழ, புள்ளி என்று இரண்டாகவும் வைத்திருக்கிறது. திரையில் அகலமோ இந்த இரண்டோடும் ஒத்துப்போகாது. கோட் எழுதும் ஃபான்ட்டில் ஆங்கில எழுத்தெல்லாம் ஒரே அகலம், அதே வரியில் வரும் தமிழ் எழுத்து பெரும்பாலும் வேறு ஃபான்ட்டிலிருந்து வரும். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று மீன் பெயரை வரிசையாக எழுதி, பக்கத்தில் விலையை ஸ்பேஸால் நேராக நிறுத்தப் பார்த்தால் உங்கள் திரையில் நிற்கும், அடுத்தவர் திரையில் கோணும். அந்த முயற்சியை விட்டுவிடுங்கள். ஒரு ஸ்பேஸ் விட்டு எழுதிவிட்டுப் போகலாம்.

வெப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ கோடை எடுத்து ஒட்டும்போது, ஸ்பேஸ் போலவே தெரியும் வேறோர் எழுத்தும் சில நேரம் வந்துவிடும். வரி முறியாமல் தடுக்கும் ஸ்பேஸ் அது. பைத்தான் அதைக் கண்டால் அச்சில் வராத எழுத்து என்று சொல்லி, யூ ப்ளஸ் 00ஏ0 என்ற எண்ணையும் காட்டும். அந்த எண்ணைப் பார்த்தால் அந்த வரியின் தொடக்க இடத்தை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

முழுச் சுதந்திரம் இருந்தால்

பைத்தான் என்றால் 4 ஸ்பேஸ், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மொழியும் வற்புறுத்தவில்லை, உடன் வேலை செய்கிறவர்களும் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் நான் டேப் என்பேன். பல வருடம் ஸ்பேஸ் பக்கம் நின்றவன் நான். மனம் மாறியதற்கு என் வகுப்புக்கு வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு பெண் காரணம்.

அவளுக்குப் பார்வை மிகக் குறைவு. திரையைப் பல மடங்கு பெரிதாக்கித்தான் படிப்பாள். ஒரு வரியில் இருபது, இருபத்தைந்து எழுத்துக்கு மேல் அவள் திரையில் அடங்காது. ஒரு நாள் நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்தாள். மூன்றாம் அடுக்கில் 12 ஸ்பேஸ். திரையில் பாதி வெறும் வெள்ளை. ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் நகர்த்தி, படித்து, திரும்ப இடப்பக்கம் வந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தாங்கவில்லை. ஃபைலை டேப்புக்கு மாற்றி, அவள் எடிட்டரில் டேப் சைஸை 1 ஆக்கினோம். கோட் முழுக்க இடப்பக்கம் வந்து நின்றது.

"இது மொதல்லயே பண்ணிருக்கலாமேண்ணா," என்றாள்.

விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் திரையில் படிப்பவர்களுக்கும் இதே கதைதான். பரவலாக இருக்கும் கருவிகளில் ஒரு வரிக்கு 40 கட்டம். மூன்று அடுக்கு ஸ்பேஸ் அதில் 12 கட்டத்தைத் தின்றுவிடும். டேப் என்றால் அகலத்தைப் படிக்கிறவரே வைத்துக்கொள்ளலாம். ஸ்பேஸ் என்றால் எழுதியவர் வைத்ததுதான் சட்டம். மற்ற வாதங்கள் எல்லாம் எனக்கு இதற்கு அடுத்துத்தான்.

அதனால் வகுப்பின் ஜாவாஸ்கிரிப்ட் பயிற்சிகளை டேப்புக்கு மாற்றிவிட்டேன், ப்ரெட்டியரில் யூஸ்டேப்ஸ் என்பதை ட்ரூ ஆக்கி. பைத்தான் பயிற்சிகள் 4 ஸ்பேஸிலேயே இருக்கின்றன, வெளியே வேலைக்குப் போனால் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். அவற்றை அவள் திறப்பதற்கு முன் தன் மெஷினில் டேப்பாக மாற்றிப் படிக்கிறாள், திருப்பித் தரும்போது பிளாக் ஓட்டி 4 ஸ்பேஸாகத் தருகிறாள். இரண்டு நிமிடம் அதிகம் ஆகிறது. அந்த இரண்டு நிமிடத்தையும் குறைக்க, ஃபைலைத் திறக்கும்போதும் கமிட் செய்யும்போதும் தானாக மாறும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதும் வேலையைக் கொருக்குப்பேட்டைப் பையனிடம் கொடுத்திருக்கிறேன்.